முதல் வருட டீச்சர், ஏழாம் வகுப்பு கணக்கு: எல்லோருக்கும் இப்படித்தான் இருக்குமா?

முதுநகர்_கணக்கு (2025 ஆகஸ்ட்)

வணக்கம். கடலூர் முதுநகரைத் தாண்டிக் கடலோரமாக இருக்கும் ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில் இந்த ஜூனில் பட்டதாரி ஆசிரியராகச் சேர்ந்தேன். ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்புக்கும் கணக்கு என்னிடம்தான். டெட் தகுதித் தேர்வு எழுதி, டிஆர்பி நியமனத் தேர்வு எழுதி, கவுன்சிலிங்கில் ஊர் எடுத்து, தெருவுக்கே ஸ்வீட் கொடுத்துவிட்டுச் சேர்ந்த வேலை. அதனால் இப்போது "முடியவில்லை" என்று வாயைத் திறந்தாலே அம்மா, "கவர்மென்ட் வேலை, வீட்டுக்குப் பக்கத்திலேயே ஸ்கூல், இதுல உனக்கு என்னடி கஷ்டம்" என்கிறார். அதனால்தான் இங்கே வந்து கேட்கிறேன்.

ஆறாம் வகுப்பு நன்றாகவே போகிறது. எட்டையும் சமாளித்துவிடுவேன். ஏழுதான் என்னைப் படுத்துகிறது, அதிலும் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் வரும் பீரியட். போர்டு பக்கம் திரும்பினால் போதும், கடைசி வரிசையில் ஆரம்பித்து முன் வரிசை வரைக்கும் சத்தம். கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொள்கிறது, வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனில் யாராவது கூப்பிட்டால் "யார் பேசறது" என்று கேட்கும் அளவுக்கு. முதல் பருவத்தில் நேர் விகிதம், எதிர் விகிதம் நடத்த வேண்டும், ஆனால் வகுப்பில் பாதிப் பேருக்குக் கழித்தலே தகராறு. 52-இல் 37 போனால் 25 என்கிறான் ஒரு பையன். சரியாகப் போட்டுக் காட்டினால் தலையாட்டுகிறான், அடுத்த கணக்கில் மறுபடியும் அதே கதை. சிலருக்குக் கேள்வியைப் படிக்கவே வரவில்லை. இவர்களிடம் போய் "ஆறு பேர் ஒரு வேலையைப் பத்து நாளில் முடித்தால்" என்று ஆரம்பித்தால் சத்தம் போடாமல் வேறு என்ன செய்வார்கள், சொல்லுங்கள்.

இதற்கு நடுவில் பாடக்குறிப்பு எழுத வேண்டும், கல்வித்துறையின் எமிஸ் தளத்தில் வருகை போட வேண்டும், நெட் கிடைக்காவிட்டால் போனைத் தூக்கிக்கொண்டு மாடிப்படிக்கு ஓட வேண்டும், சிஆர்சி (சுற்றுவட்டப் பள்ளி ஆசிரியர்களுக்கான குறுவள மையம்) கூட்டத்துக்குப் போக வேண்டும். ஸ்டாஃப் ரூமில் ஒரு சீனியர் சார் அக்கறையோடுதான் சொல்கிறார், "குச்சி இல்லாம இந்தப் பசங்க அடங்க மாட்டாங்கம்மா" என்று. எனக்கு அது ஒத்துவராது. அதே சமயம் அவர் வகுப்பில் சத்தமே இல்லை என்பதும் உண்மை.

ராத்திரியில் வேறு அரசு வேலைக்கான டிஎன்பிஎஸ்சி குரூப் 2 தேர்வு சிலபஸை இறக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அந்த நிலைமை. சந்தோஷமே இல்லையா என்றால் இருக்கிறது. ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி தினமும் கேட்டில் நின்று என் வண்டியிலிருந்து நோட்டுக்கட்டை வாங்கிக்கொண்டு போகிறாள், வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டால் அன்றைக்கு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். ஆனால் அதை வைத்து எத்தனை நாள் ஓட்டுவது?

முதலில் எதைப் பிடிப்பது? வகுப்பை அடக்குவதா, அடிப்படையைச் சொல்லிக் கொடுப்பதா, பாடத்தை முடிப்பதா? அனுபவசாலிகள் சொல்லுங்கள். "பொறுமையா இருங்க" என்று மட்டும் சொல்ல வேண்டாம், அது வீட்டிலேயே கிடைக்கிறது.

பண்ருட்டி_வாத்தியார்

மேடம், அந்த 25-ஐ விட்டுவிடாதீர்கள். உங்கள் கேள்விக்குப் பாதி பதில் அதில்தான் இருக்கிறது.

அந்தப் பையன் கவனமில்லாமல் போடவில்லை. பத்தாம் இடத்தில் 5-இல் 3 போக 2, ஒன்றாம் இடத்தில் 2-ஐயும் 7-ஐயும் பார்த்து, பெரியது 7, அதில் 2 போக 5. விடை 25. எந்த இடத்தில் பெரிய எண் இருந்தாலும் அதிலிருந்து சின்னதைக் கழிக்கிறான், அவ்வளவுதான். சின்ன வகுப்பில் "பெரிசுலேர்ந்துதான் சின்னதைக் கழிக்க முடியும்" என்று யாரோ சொன்னதை இன்றைக்கு வரைக்கும் ஒழுங்காகப் பின்பற்றிக்கொண்டிருக்கிறான். நீங்கள் போர்டில் 15 என்று போட்டுக் காட்டினால் விடை மாறியது மட்டும்தான் அவனுக்குத் தெரியும், தன் வழி எங்கே தப்பு என்பது தெரியாது. அதனால்தான் தலையாட்டிவிட்டுத் திரும்ப அதையே செய்கிறான்.

நான் செய்வது இது. ஒரு அரைத்தாளில் ஐந்தே கணக்கு: 68-25, 52-37, 70-46, 304-128, 500-263. பெயர் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், மார்க் மட்டும் போடாதீர்கள். முதல் கணக்கு எல்லோருக்கும் வரும். 70-46-க்கு 36 என்று எழுதியவர்கள் உங்கள் பையனின் கட்சி. 30 என்று எழுதியவர்கள் வேறு கட்சி, பூஜ்ஜியத்தில் 6 போகாது, அதனால் பூஜ்ஜியம்தான் என்று நினைப்பவர்கள். 304-இல் மட்டும் தடுமாறுகிறவர்களுக்குக் கடன் வாங்கத் தெரியும், நடுவில் பூஜ்ஜியம் வந்தால்தான் சிக்கல். தாள்களை இப்படிப் பிரித்து வைத்துப் பார்த்தால் "பாதிப் பேருக்குக் கழித்தலே வராது" என்பது மூன்று சின்னப் பிரச்சினையாகிவிடும். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

முதல் கட்சிக்குப் பணம்தான் சரி. பத்து ரூபாய் ஐந்து, ஒரு ரூபாய் இரண்டு, எல்லாம் அட்டையில் வெட்டியது. "52 ரூபாய் வச்சிருக்க, எனக்கு 37 கொடு" என்று கேளுங்கள். மூன்று பத்தைக் கொடுப்பான், அப்புறம் ஏழு ரூபாய்க்குத் திணறுவான், அப்புறம் யாரும் சொல்லாமலே ஒரு பத்தைச் சில்லறை மாற்றிக்கொண்டு வருவான். மாற்றிய அந்த நிமிடத்தில் போர்டுக்குக் கூப்பிட்டு "இப்ப செஞ்சியே, அதை இங்க எழுது" என்று சொல்லுங்கள். ஒரு நாள் தள்ளிப் போட்டால் பிரயோஜனமில்லை.

இன்னொன்று. இப்போது ஏழில் இருக்கும் பிள்ளைகள் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது ஒன்றாம் வகுப்பு. ஒன்று முதல் எட்டு வரை திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1, அப்போது மூன்றாம் வகுப்பு. கழித்தல் சொல்லிக் கொடுக்கிற வயசில் வீட்டில் இருந்தார்கள். 2022 ஜூனில் அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்கும் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்ததே, அது முதலில் ஒன்று முதல் மூன்று வரைக்கும்தான், இவர்கள் நான்காவதுக்குப் போய்விட்டார்கள். உங்கள் ஆறாம் வகுப்பு அந்த வருடம் மூன்றாவது, அந்தத் திட்டத்துக்குள் வந்துவிட்டது. எட்டு, கொரோனாவுக்கு முன்னாலேயே இரண்டு வருடம் பள்ளியில் உட்கார்ந்துவிட்டது. ஆறு நன்றாகப் போகிறது, ஏழு படுத்துகிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் எனக்குத் தோன்றியது இதுதான். எல்லாவற்றுக்கும் இதுவே காரணம் என்று சொல்லவில்லை, என் ஏழாம் வகுப்பும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கிறது.

இந்த வருடம் ஆறு முதல் ஒன்பது வரைக்கும் அடிப்படையில் பின்தங்கிய பிள்ளைகளுக்கான 'திறன்' புத்தகம் வந்திருக்கிறதே, அதை இன்னொரு சுமையாகப் பார்க்காமல் இந்தப் பிள்ளைகளுக்கு மதிய பீரியடில் அதையே கொடுங்கள். விகிதத்தைக் காலை பீரியடுக்கு மாற்றித் தரச் சொல்லி ஹெச்எம்மிடம் கேட்டுப் பாருங்கள்.

லாஸ்பேட்டை_மிஸ்

அக்கா, கோவித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் பதிவைப் படித்ததும் முதலில் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. நானும் முதல் வருடம்தான், பாண்டியில் ஒரு தனியார் பள்ளி. காலையில் வேன் டியூட்டி, சாயங்காலமும் வேன் டியூட்டி, கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்ட அப்புறம்தான் என் வீட்டுப் பக்கம் வண்டி திரும்பும். மே மாதம் நோட்டீஸைக் கையில் கொடுத்து அட்மிஷனுக்கு வீடு வீடாக அனுப்பினார்கள், அந்த வெயிலில். கிளாஸ் வாட்ஸ்ஆப் குரூப்பில் ராத்திரி பத்தரைக்கு "மிஸ், டைரியில என்ன எழுதியிருக்கீங்க, புரியல" என்று வரும். சம்பளத்தைப் பற்றி எழுதவே வேண்டாம்.

இதைப் படிக்கும் பி.எட் பிள்ளைகளுக்கு ஒன்று. சேரும்போது ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கேட்பார்கள், காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள். என்னுடையது அவர்கள் பீரோவில் இருக்கிறது, வேறு இன்டர்வியூவுக்குக் கூடப் போக முடியவில்லை.

சரி, வகுப்புக்கு வருகிறேன். நான் பீரியட் மணிக்கு முன்னாலேயே போர்டில் இரண்டு சின்னக் கணக்கு எழுதி வைத்துவிடுவேன், யாருக்கும் வரக்கூடிய கணக்கு. உள்ளே வருகிறவர்கள் நோட்டை எடுத்து அதைப் போட வேண்டும், நான் வாசலில் நிற்பேன். முதல் ஐந்து நிமிடம் அடங்கிவிட்டால் மீதி ஓரளவு நம் கையில். ஐந்து நிமிடமும் "உட்காரு, உட்காரு" என்று போனால் அன்றைக்கு அவ்வளவுதான். அப்புறம் நோட்டுக்கட்டை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள் அக்கா. பிள்ளைகள் போட்டுக்கொண்டிருக்கும்போதே பெஞ்சுக்கு இரண்டு நோட்டு திருத்திவிட்டால் முதுகும் பிழைக்கும், யார் என்ன தப்பு செய்கிறார்கள் என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். உங்கள் ஆறாம் வகுப்புப் பெண்ணுக்குத்தான் தூக்கிக்கொண்டு போக நோட்டு இல்லாமல் போகும், வேறு ஏதாவது பொறுப்பு கொடுத்துவிடுங்கள்.

பாண்டி அரசுப் பள்ளிகளும் 2024-25 முதல் முழுக்க சிபிஎஸ்இ ஆகிவிட்டதால் அங்கே இருக்கும் என் தோழிக்கு வேறு தினுசான தலைவலி. எல்லா இடத்திலும் ஏதோ ஒன்று. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் "மிஸ்ஸ்ஸ்" என்று ஒரு குரல் வரும் பாருங்கள், யூகேஜி அளவு சைஸில் ஒன்று, அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு. பேரம் பேசிக்கொண்டிருந்த சுடிதார் மெட்டீரியலை அப்படியே போட்டுவிட்டு நிற்பேன்.

கெடிலம்_கரை

எல்லாம் சரி, ஆனால் நாங்கள் படித்த காலத்தில் கணக்கு வாத்தியார் கையில் புளியங்குச்சி இருக்கும். வாய்ப்பாடு சொல்லாவிட்டால் முட்டியில் விழும். இன்றைக்கும் பதினாறாம் வாய்ப்பாடு தூக்கத்தில் சொல்வேன். நாங்கள் எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறோம்? இப்போது வாத்தியாரைக் கண்டால் பயமே இல்லை, அதுதான் பிரச்சினை. மீனவர் பிள்ளைகள் என்றால் மீன் கணக்கு சொல்லிக் கொடுங்கள், தானாக வந்துவிடும்.

நெல்லிக்குப்பம்_பழைய_ஹெச்எம்

தம்பி, நன்றாக இருப்பவர்கள்தான் இங்கே வந்து எழுதுகிறார்கள். குச்சிக்குப் பயந்து ஆறாவதோடு நின்று போனவன் எழுத மாட்டான். அவன் கூட்டாளிகளைக் கேட்டால் உங்கள் வாத்தியாரைப் பற்றி வேறு கதை சொல்வார்கள். அது இருக்கட்டும், 2009 கல்வி உரிமைச் சட்டம் 17-ஆவது பிரிவு அடிப்பதையும் மனம் நோகப் பண்ணுவதையும் தெளிவாகத் தடுத்திருக்கிறது, மீறினால் ஒழுங்கு நடவடிக்கை. முதல் வருடத்தில் இருக்கும் ஒரு பெண்ணுக்குக் கொடுக்கிற யோசனையா இது?

ஏம்மா, உங்கள் சீனியர் வகுப்பு அமைதியாக இருக்கிறது என்கிறீர்கள். ஒரு நாள் அவர் அனுமதியோடு கடைசி பெஞ்சில் போய் உட்காருங்கள். எத்தனை பிள்ளைகள் கேள்வி கேட்கிறார்கள், எத்தனை பேர் தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறார்கள் என்று பாருங்கள். நான் தலைமையாசிரியராக இருந்தபோது சத்தமில்லாத வகுப்பைப் பார்த்தால் சந்தோஷப்பட மாட்டேன், உள்ளே போய் இரண்டு நோட்டு வாங்கிப் பார்ப்பேன். பல நோட்டில் போர்டில் இருந்தது அப்படியே இருக்கும், ஒரு தப்பு கூட இருக்காது, அதுதான் கவலை.

கேள்வி கேட்பதைப் பற்றி ஒன்று. மேரி பட் ரோ என்று அமெரிக்காவில் ஒரு அம்மையார், 1970களில் வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்தார். ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பது சராசரியாக ஒரு நொடி அளவுதான். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டினால் பதில்கள் நீளமாகின்றன, வழக்கமாக வாயே திறக்காத பிள்ளைகளும் பேச ஆரம்பிக்கிறார்கள் என்று கண்டார். கேட்கும்போது சின்ன விஷயம் போலத் தோன்றும், வகுப்பில் மூன்று நொடி சும்மா நின்று பாருங்கள், யுகம் மாதிரி இருக்கும். புதிய ஆசிரியர்களுக்கு அந்த இடைவெளி பயம், உடனே தானே பதிலைச் சொல்லிவிடுவார்கள். தொண்டை கட்டுவதும் அதனால்தான், வகுப்பில் பேசுவது முழுக்க நீங்கள் ஒருவர் மட்டும்.

பாடமா, அடிப்படையா என்று கேட்டீர்கள். அதே சட்டத்தில் 24-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். பாடத்திட்டத்தை உரிய காலத்தில் முடிப்பதும் ஆசிரியர் கடமை, ஒவ்வொரு குழந்தையின் கற்றல் திறனையும் மதிப்பிட்டுத் தேவைக்கேற்பக் கூடுதலாகச் சொல்லிக் கொடுப்பதும் கடமை. இரண்டும் ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கின்றன. ஆகவே ஆய்வுக்கு வரும் அதிகாரி "ஏன் ஏழாம் வகுப்பில் கழித்தல் நடக்கிறது" என்று கேட்டால் நடுங்க வேண்டாம். பண்ருட்டி சார் சொன்ன அரைத்தாள்களைப் பாடக்குறிப்போடு சேர்த்துத் தைத்து வையுங்கள், எடுத்துக் காட்டுங்கள். பாடக்குறிப்பை ரொம்ப அலங்காரமாக எழுதுகிறவர்கள் உண்டு, மூன்று கலர் பேனாவில். என்ன நடத்தினோம், யாருக்கு எங்கே நின்றது, நாளைக்கு என்ன, இது மூன்றும் இருந்தால் நான் கையெழுத்து போட்டுவிடுவேன். உங்கள் ஹெச்எம் எப்படி என்பதைப் பேசித் தெரிந்துகொள்ளுங்கள்.

வேலை நேரம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், யாரும் சொல்ல மாட்டார்கள். சட்டத்தின் அட்டவணைப்படி ஆசிரியருக்கு வாரம் குறைந்தபட்சம் 45 மணி நேரம், தயாரிப்பு நேரமும் அதற்குள்தான். ஆறு முதல் எட்டு வரை வருடத்துக்குக் குறைந்தது 220 வேலை நாள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல், இது மூன்றுக்குத்தான் வெளி வேலைக்கு அனுப்பலாம் என்பது 27-ஆவது பிரிவு. நம் மாவட்டத்தில் நடுவிலே இருக்கிற பேரிடர் நிவாரணம் என்ன என்பதை ஐப்பசி, கார்த்திகையில் தெரிந்துகொள்வீர்கள். போன 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் பாண்டிக்குப் பக்கத்தில் கரையேறி, அதற்கப்புறம் தென்பெண்ணையில் வெள்ளம் வந்ததே, அப்போது பாடம் எல்லாம் எங்கே போயிற்று? கலெக்டர் லீவு விடுவார், அப்புறம் சனிக்கிழமைகளில் ஈடுகட்டச் சொல்வார்கள். அதனால் கனமான பாடத்தை செப்டம்பருக்குள் முடித்துக்கொண்டு, மழை மாதங்களுக்கு லேசானதை வைத்துக்கொள்ளுங்கள்.

முதுநகர்_கணக்கு (செப்டம்பர்)

எல்லோருக்கும் நன்றி. தாமதமாக வருகிறேன்.

அரைத்தாள் வைத்தேன். பாதிக்கு மேல் "பெரிசுலேர்ந்து சின்னது" கட்சிதான். சத்தம் போடுகிறவர்கள் பெயரைத் தனியாக எழுதி வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன், ஏறக்குறைய அதே பட்டியல். சார் சொன்ன மாதிரியே அட்டைப் பணம் வெட்டிக் கொண்டுபோனேன். அந்த 25 பையன் மூன்று பத்தைக் கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான், பக்கத்தில் இருந்தவனிடம் "டேய் பத்துக்குச் சில்லறை இருக்கா" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது, அவனும் சிரித்தான். போர்டில் எழுதச் சொன்னதும் 5-ஐ அடித்து 4 போட்டான். பழைய நோட்டை எடுத்து முந்தின கணக்கையெல்லாம் தானே அடித்துத் திருத்திக்கொண்டிருந்தான், நான் சொல்லாமலே. அன்றைக்கு வண்டியில் வரும்போது பழைய பாலம் வரைக்கும் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்திருப்பேன், பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

எல்லாம் சரியாகிவிட்டது என்று இல்லை. பூஜ்ஜியம் கட்சி இன்னும் அப்படியே இருக்கிறது. மூன்று நொடி நிற்பது என்னால் முடியவில்லை, இரண்டிலேயே வாய் திறந்துவிடுகிறது. மதிய பீரியடை மாற்றித் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சத்தமும் இருக்கிறது, இப்போது கொஞ்சம் கணக்குச் சத்தம். இன்னொரு பையன் வாரத்தில் இரண்டு நாள் வருவதே இல்லை, காலையில் துறைமுகத்தில் மாமாவோடு இருப்பதாகச் சொல்கிறார்கள். பெற்றோர் கூட்டத்துக்கு வீட்டிலிருந்து யாருமே வரவில்லை. என்ன செய்வது?

தேவனாம்பட்டினம்_அப்பா

டீச்சர், நான் வாத்தியார் இல்லை, மீன்பிடி போட்டில் போகிறவன். என் மகள் எட்டாவது. கூட்டத்துக்கு யாரும் வரவில்லை என்று எல்லா டீச்சரும் சொல்கிறார்கள், கூட்டம் எத்தனை மணிக்கு என்று பார்த்தால் காலை பத்து, பதினோரு மணி. அந்த நேரத்தில் ஆம்பளைகள் கடலில் அல்லது ஏலத்தில். பொம்பளைகள் கூடையைத் தூக்கிக்கொண்டு மஞ்சக்குப்பம், திருப்பாப்புலியூர் என்று விற்கப் போயிருப்பார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வையுங்கள், வருகிறோம்.

விசைப்படகுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள். அப்போது ஆம்பளைகள் எல்லாம் கரையில்தான் இருப்போம், ஆனால் அந்த நேரம் பார்த்து உங்களுக்குக் கோடை விடுமுறை. பள்ளி திறந்த உடனே, ஜூன் முதல் இரண்டு வாரத்துக்குள் ஒரு கூட்டம் போட்டால் அப்பாக்களைப் பிடிக்கலாம். அடுத்த வருடம் செய்து பாருங்கள். இப்போதைக்கு அந்தப் பையன் மாமாவை நேரில் பாருங்கள், அப்பாவை விட்டுவிடுங்கள், கூட்டிக்கொண்டு போகிறவர் மாமாதானே. "பையன் படிக்க மாட்டேங்கிறான்" என்று ஆரம்பிக்க வேண்டாம், அப்படிச் சொன்னால் "அப்ப தொழிலுக்கே வரட்டும்" என்று முடித்துவிடுவார். எந்த நாள் வகுப்புக்கு வந்தே ஆக வேண்டும் என்று நாளைச் சொல்லிக் கேளுங்கள்.

அப்புறம் மேலே ஒருத்தர் மீன் கணக்கு சொல்லிக் கொடுங்கள் என்று எழுதியிருக்கிறார். எங்கள் பிள்ளைகளுக்கு மீன் கணக்கு வீட்டிலேயே வரும் சார். ஏலத்தில் ஒரு கூடை என்ன விலைக்குப் போகும், பங்கு எவ்வளவு என்று என் மகள் எனக்கு முன்னால் சொல்வாள். அதையே பள்ளியிலும் சொல்லிக் கொடுப்பதற்கு அவளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டியதில்லை. எங்களுக்குத் தெரியாத கணக்கைச் சொல்லிக் கொடுங்கள் டீச்சர். எக்ஸ், ஒய் எல்லாம்.

கெடிலம்_கரை

சரி அண்ணே, மீனை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். குச்சியைப் பற்றி அப்புறம் பேசுவோம்.

பண்ருட்டி_வாத்தியார்

மேடம், பூஜ்ஜியம் கட்சிக்கு நூறு ரூபாய் நோட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 304 என்றால் மூன்று நூறும் நாலு ஒரு ரூபாயும், கையில் பத்து ரூபாயே கிடையாது. நூறைப் பத்துப் பத்தாக மாற்றி, அதில் ஒரு பத்தைச் சில்லறையாக மாற்ற வேண்டும். இரண்டு தடவை மாற்ற வேண்டியிருக்கிறது என்பதைக் கையால் செய்தால்தான் நம்புவார்கள். நம் பக்கம் மார்ச் வந்தால் முந்திரிக் கொட்டை பொறுக்கப் போய்ப் பாதி வகுப்பு காலியாகும், அதற்குள் நானும் முடித்தாக வேண்டும்.

குரூப் 2 என்ன ஆயிற்று?

முதுநகர்_கணக்கு

சிலபஸ் போனில்தான் இருக்கிறது சார். திறக்கவில்லை, அழிக்கவும் இல்லை.

நெல்லிக்குப்பம்_பழைய_ஹெச்எம்

அழிக்க வேண்டாம், இருக்கட்டும், யார் வேண்டாம் என்றது. ஆனால் ஒரு அலுவலக வேலையை முடித்துவிடுங்கள். பணிப்பதிவேடு திறந்துவிட்டார்களா என்று கேட்டு, சேர்ந்த தேதி, முற்பகலா பிற்பகலா, கல்வித் தகுதி எல்லாம் சரியாகப் பதிந்திருக்கிறதா என்று நேரில் பாருங்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, டிகிரி, பி.எட் எல்லாவற்றுக்கும் உண்மைத்தன்மைச் சான்று (சான்றிதழ் அசல்தான் என்று அதைக் கொடுத்தவர்களே தரும் உறுதி) கேட்டு இப்போதே கடிதம் அனுப்பச் சொல்லுங்கள், பல்கலைக்கழகத்திலிருந்து வர மாதக்கணக்காகும். தகுதிகாண் பருவம் மூன்று வருடத்துக்குள் இரண்டு வருடப் பணி, அது முடியும் நேரத்தில் ஒரு சான்று குறைந்தாலும் கோப்பு மேஜையிலேயே தூங்கும். எல்லாவற்றையும் ஒரு ஜெராக்ஸ் எடுத்து வீட்டில் வையுங்கள்.